விடியலுக்கு முன்னால் காசிமேடு: மீன்கார அக்காக்களோடு ஒரு ரவுண்டு

மணி இரண்டரை. சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டோம். கீழே பார்த்து நடங்க. ஐஸ் உருகின தண்ணீரும் செதிலும் டீசலும் கலந்து தரை முழுக்க வழுக்கும். இன்று நாம் மீன் வாங்க வரவில்லை. மீன் விற்கிற அக்காக்களோடு ஒட்டிக்கொண்டு, அவர்கள் கூடை தெருவுக்கு வந்து சேருகிற வரைக்கும் கூடவே போகப்போகிறோம். “சரி வா, ஆனா குறுக்க நிக்காத” என்று அனுமதி கிடைத்துவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

நம் கூட்டத்தில் நான்கு பேர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நாமே ஆளுக்கொரு அடையாளம் வைத்துக்கொள்வோம். முன்னால் நடக்கிறவர் பெரியக்கா, கூட்டத்துக்கு மூளை. அவருக்குப் பின்னால் மூக்குத்தி அக்கா, கூட்டத்துக்கு வாய். ஓரமாக வெற்றிலை மெல்கிறவர் ஆயா, அறுபதைத் தாண்டியவர். கடைசியாக வருகிற இளையவள் மாமியாரின் கூடையை வாங்கிக்கொண்டு தொழிலுக்கு வந்தவள். நான்கு பேரிடமும் அலுமினிய அன்னக்கூடை, சும்மாட்டுக்கு ஒரு பழைய துணி, இடுப்பில் சுருக்குப்பை. அந்தச் சுருக்குப்பைக்குள் என்னவெல்லாம் இருக்கிறது தெரியுமா? எட்டாக மடித்த ரூபாய் நோட்டு, மாத்திரை அட்டை, பாக்கு, மகனின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, நான்கு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக ஓர் அடையாள அட்டை. அந்த அட்டையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், மறந்துவிடாதீர்கள்.

ஏலம் நடக்கிற இடம் இதோ. விசைப்படகிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கி, தரையில் கொட்டிக் குவிக்கிறார்கள். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் சங்கரா தகதகவென்று மின்னுகிறது. ஏலம் விடுகிறவரும் ஒரு பெண்தான்! சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, “ரெண்டாயிரம், ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து நூறு…” என்று மூச்சு விடாமல் பாடுகிறார். சுற்றி முப்பது தலை. ஓட்டல்களுக்கு எடுக்கிறவர்கள், வெளியூருக்கு லாரி ஏற்றுகிறவர்கள், நடுவில் தோளால் இடித்து இடம் பிடித்திருக்கிற நம் அக்காக்கள். வஞ்சிரமும் பெரிய வவ்வாலும் பணக்கட்டு வைத்திருப்பவர்களிடம் போய்விடும். நம்மவர்கள் கண் வைத்திருப்பது சங்கரா, கிழங்கான், காணாங்கெளுத்திமேல்.

பெரியக்காவைக் கவனியுங்கள். குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். ரத்தச் சிவப்பு. வயிற்றில் விரலை அழுத்துகிறார். பள்ளம் விழவில்லை. அவ்வளவுதான் பரிசோதனை, இரண்டு நொடி. அதற்கப்புறம் அந்தக் குவியல் பக்கமே திரும்பாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறார். விலை கேட்பது எப்படி என்கிறீர்களா? மோவாயை ஒரு மயிரிழை தூக்குகிறார். அதை ஏலக்காரி பிடித்துக்கொள்கிறார்! “நான் வாயத் தொறந்து கேட்டா எனக்கு வேணும்னு பக்கத்துல இருக்கறவனுக்குத் தெரிஞ்சிடும். வெல ஏறிடும், கண்ணு.”

ஏலம் இழுத்துக்கொண்டே போகிறது. மூக்குத்தி அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னாமா இது, உன் பொண்ணுக்கு மாப்ள பாக்கறப்போகூட இம்மா நேரம் இழுக்க மாட்ட போலக்கீதே!” குபீரென்று கூட்டமே சிரிக்கிறது. ஏலக்காரியும் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் குவியல் நம் அக்காக்கள் பெயருக்கு விழுந்தது, 2,400 ரூபாய்க்கு.

இதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்த ராத்திரியிலேயே ரொம்பப் பிடித்த காட்சி. ஒருத்தியால் ஒரு குவியலை முழுதாக எடுக்க முதல் கிடையாது. நான்கு பேரும் சேர்ந்து எடுக்கிறார்கள். இப்போது பங்கு பிரிக்க வேண்டும். இளையவள் உட்கார்ந்து மீனை நான்கு கூறாக அடுக்குகிறாள். பெரிது ஒன்று போட்டால் சிறிது இரண்டு. இதை எடுத்து அங்கே, அதை எடுத்து இங்கே. ஒருவழியாகச் சரிசமம் என்று எல்லாரும் தலையாட்டியதும் ஆயா முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நிற்கிறார். இளையவள் ஒரு கூறின்மேல் கை வைத்து, “இது யாருக்கு?” என்கிறாள். பார்க்காமலே ஆயா சொல்கிறார்: “மூக்குத்திக்கு.” “இது?” “எனக்கு.” “இது?” “உனக்குத்தாண்டி.” முடிந்தது! நிறுவை கிடையாது, எழுத்து கிடையாது, முணுமுணுப்பும் கிடையாது. கடைசியில் ஒற்றை மீன் ஒன்று மிஞ்சியது. அதை யாரும் தன் கூடையில் போட்டுக்கொள்ளவில்லை. கூட்டத்தில் ஐந்தாவது ஆள் ஒருத்தி உண்டாம், காய்ச்சலில் படுத்திருக்கிறாள். படுத்தால் அன்றைக்குச் சம்பாத்தியம் கிடையாது. “அவ வீட்டுக் கொழம்புக்கு” என்று தனிப் பையில் போட்டு இளையவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கொஞ்சம் இந்தத் தூண் ஓரமாக வாருங்கள், இங்கே பணம் கைமாறுகிறது. ஆளுக்கு 600 ரூபாய் என்றால் பெரிய தொகை இல்லையே என்று தோன்றும். ஆனால் இது முதல் குவியல்தான். இன்னும் இரண்டு மூன்று எடுக்க வேண்டும். ஐஸ், வண்டி, கூலி எல்லாம் இருக்கிறது. இந்த முதல் எங்கிருந்து வருகிறது? தண்டலிலிருந்து, அதாவது தினம் தினம் கட்டுகிற கடனிலிருந்து. பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் தருவது 8,500. பிடித்தது போக மிச்சம் அதுதான். மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய், 100 நாளைக்கு. அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்து வருஷத்துக்குக் கணக்குப் பாருங்கள், வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டி நிற்கும். இதைவிட அவசரமென்றால் காலையில் 900 வாங்கிக்கொண்டு சாயங்காலம் 1,000 கொடுக்கிற கணக்கும் உண்டு. தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. “சட்டம் விடியக்காலைல ரெண்டு மணிக்குத் துட்டு தருமா?” என்று மூக்குத்தி அக்கா கேட்கிறார். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இதே கேள்வியை இதே ஊரில் ஒருவர் தீவிரமாக எடுத்துக்கொண்டார். 1978-ல் ஜெயா அருணாசலம் சென்னையில் வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரத்தைத் தொடங்கியதே இந்த மாதிரிக் கூடைக்காரிகளையும் பூக்காரிகளையும் குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு ஒருத்தி பொறுப்பேற்கச் செய்து, வங்கிக் கடன் வாங்கித் தரத்தான். சற்று முன் முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்த அந்தப் பங்கைப் பார்த்தோமே, அந்த நம்பிக்கையைத்தான் அவர் ஜாமீனாக வைத்தார். பிறகு 2020-ல் தெருவோர வியாபாரிகளுக்கென்றே ஸ்வநிதி திட்டம் வந்தது. தொடக்கத்தில் முதல் கடன் 10,000 ரூபாய், அடமானம் வேண்டாம். ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 20,000, அப்புறம் 50,000 என்று பிறகு நீண்டது. பெரியக்கா வாங்கி, கட்டி முடித்து, இரண்டாவதும் வாங்கியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் தோள் நிமிர்வதைப் பார்க்க வேண்டுமே! ஆயாவுக்குக் கிடைக்கவில்லை. செல்போன் எண்ணும் ஆதாரும் பொருந்தவில்லையாம். அலைந்து அலைந்து விட்டுவிட்டார். தண்டல்காரர் ஆதார் கேட்பதில்லை.

டீ! இந்த ராத்திரியின் ஒரே இடைவேளை. நான் இரண்டாவது கிளாஸுக்குக் கை நீட்டினேன். நான்கு அக்காக்களும் பாதி கிளாஸோடு நிறுத்திவிட்டார்கள். “போதும், மேல குடிச்சா எங்க போறது?” என்று இளையவள் மெதுவாகச் சொன்னாள். இந்தத் தொழிலுக்குப் பின்னால் இருக்கிற பெரிய ரகசியம் இதுதான். இவர்கள் விற்கிற தெருவில் பெண்கள் போக ஓர் இடம் கிடையாது. கிளம்புகிற ராத்திரி ஒரு மணியிலிருந்து வீடு திரும்புகிற மத்தியானம் வரை தண்ணீரை எண்ணி எண்ணிக் குடிக்கிறார்கள். நீர்க்கடுப்பு இல்லாத ஒருத்தியும் இந்தக் கூட்டத்தில் இல்லை. மாதவிலக்கு நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “துணிமேல துணி” என்றார் பெரியக்கா. தெருவில் பத்து வீட்டுக்கு மீன் கொடுக்கிறார். அதில் ஒரு வீட்டில் மட்டும் பாத்ரூம் திறந்துவிடுவார்களாம். அந்த வீட்டுக்கு எப்போதும் ஒரு மீன் கூடுதலாக விழும். அந்த வீட்டம்மாவுக்கு நான் இங்கிருந்தே ஒரு கும்பிடு போடுகிறேன்.

கிடுகிடுவென்று வாருங்கள், ஐஸ் மிஷின் பக்கம். பெரிய பாளத்தை உள்ளே தள்ளினால் கடகடவென்று நொறுங்கித் தூளாகக் கொட்டுகிறது. காது அடைக்கிற சத்தம், முகத்தில் சில்லென்று தூறல். கூடையில் ஓர் அடுக்கு ஐஸ், ஓர் அடுக்கு மீன், மறுபடி ஐஸ். இளையவள் வெறுங்கையால் அள்ளுகிறாள். அவள் விரல் இடுக்கைப் பார்த்தேன். தோல் வெளுத்து, ஊறி, ஆங்காங்கே பிளந்திருக்கிறது. “நைட்டு மஞ்சளும் தேங்கா எண்ணெயும் வெப்பேன்” என்கிறாள். கையுறை போட்டால் மீன் நழுவிவிடுமாம்.

அடுத்தது பயணம். கையில் துட்டு இருந்தால் மீன்பாடி வண்டி. முன்பக்கம் தட்டையான பலகை, பின்னால் பழைய ஸ்கூட்டர் என்ஜின் பொருத்தின மூன்று சக்கர வண்டி. வடசென்னைத் தெருக்களில் சகஜம். நான்கு கூடையும் பலகையில், நான்கு பேரும் கூடைகளுக்கு நடுவில், ஆயா முன்னால் ராணி மாதிரி! துட்டு இல்லாத நாளில் பஸ்; இன்றைக்குப் பஸ்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த மிச்சம் நேராக முதலோடு சேர்கிறது. “அது எனக்கு ஒரு நாளைக்கு ஐஸ் காசு” என்றார் ஆயா. ஆனால் காசில்லாமல் ஏறுவது வேறு, மரியாதையோடு ஏறுவது வேறு. அதே 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை, நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் அவர் அழுதுகொண்டே நியாயம் கேட்ட காணொளி தமிழ்நாடு முழுக்கப் போனது. முதல்வரே கண்டித்தார், நடவடிக்கையும் வந்தது. இந்த நால்வரும் அந்தக் காணொளியைப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் கூடைக்கு இரட்டைப் பாலித்தீன், பஸ்ஸில் கடைசி வரிசை, ஜன்னல் ஓரம். இறங்கும்போது மூக்குத்தி அக்கா கண்டக்டரிடம், “தம்பி, ஞாயித்துக்கெழம வீட்டுக்கு என்னா மீனு வேணும்?” என்று கேட்டார். அவரும் “நண்டு கெடைக்குமாக்கா?” என்று கேட்க, அந்தப் பஸ்ஸில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

விடிந்துவிட்டது. பெரம்பூர்ப் பக்கம் ஒரு தெருமுனை. மூன்று அக்காக்களும் அவரவர் இடத்துக்குப் பிரிந்துவிட்டார்கள். நாம் பெரியக்காவோடு நிற்கிறோம். கடை போடுவதைப் பாருங்கள். நான்கு செங்கல், மேலே ஒரு பலகை, பலகைமேல் நீலத் தார்ப்பாய், கம்பத்தில் கட்டின குடை. தண்ணீர்க் குடம் எதிர் டீக்கடையிலிருந்து. அருவாமனையோடு உட்கார வருகிறவர் இன்னொரு பெண். அவருக்கு மீன் வியாபாரம் கிடையாது; சுத்தம் பண்ணித் தருவது மட்டும், கிலோவுக்கு இவ்வளவு என்று. செதில் தெறிக்கிறது, வால் போகிறது, துண்டு துண்டாக விழுகிறது. கண் மட்டும் தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கையைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார்!

“எம்மா, இந்த வெல சொல்றே? காசிமேட்டுல பாதிதான்” என்று முதல் வாடிக்கையாளர் ஆரம்பிக்கிறார். நீங்களும் நானும் ராத்திரி பார்த்ததை எல்லாம் அவரிடம் கொட்டிவிடலாமா என்று எனக்குத் துடிக்கிறது. பெரியக்கா சிரித்துக்கொண்டே செவுளைத் தூக்கிக் காட்டுகிறார். “நீ பாதி வெலைக்கு வாங்கினு வா சார், நானும் ஒரு கிலோ வாங்கிக்கறேன்.” வியாபாரம் ஆகிவிட்டது.

திடீரென்று தெருவே விறைக்கிறது. முனையில் ஒரு லாரி. பெரியக்காவின் கை தானாகக் குடைக் கயிற்றுக்குப் போய்விட்டது. பக்கத்துக் கீரைக்காரம்மா எழுந்தே நின்றுவிட்டார். லாரி கடந்து போனது, குப்பை லாரிதான். இந்த அரை நிமிஷத்தை வாங்க வருகிற யாரும் பார்ப்பதில்லை. இவர்கள் தினம் பார்க்கிறார்கள். கடைகளை அள்ளுகிற மாநகராட்சி லாரியாக இருந்து தராசைத் தூக்கிக்கொண்டு போனால் அபராதம், அலைச்சல், அன்றைய மீன் மொத்தமும் வீண்.

அந்தச் சுருக்குப்பை அட்டைக்கு இப்போது வருவோம், தெருவோர வியாபாரி என்கிற அடையாள அட்டை அது. தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-ல் வந்தது. நகரத்திலுள்ள வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று கொடுக்காமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது அது. பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். மீன், காய், பூ மாதிரி அழுகிற பொருளைக் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். இன்னும் கேளுங்கள்: எந்த இடத்தில் யார் விற்பது என்று முடிவெடுக்க உதவுகிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இதைப் பெரியக்காவிடம் சொன்னபோது அவர் வெட்டுகிறவரின் கையைப் பிடித்து நிறுத்தினார். “அன்னைக்கேவா? அன்னைக்கே தரணுமா?” அட்டை இருக்கிறது; அட்டைக்குப் பின்னால் இவ்வளவு இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது, இப்போது எழுதும்போதும் வருகிறது.

மெரினா பக்கம் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். 2023 ஏப்ரலில் சாலையோர மீன் கடைகள் விவகாரத்தை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்தது. கடைகளை அகற்றியபோது பெண்கள் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அங்கேயே புது மீன் அங்காடி திறந்தது. கூரையும் தண்ணீரும் இருப்பது நல்ல விஷயம். “எனுக்கும் கூரை வேணும். ஆனா என் வாடிக்க இந்த முக்குலதான் கீது” என்கிறார் பெரியக்கா. இந்த முனையில் அவர் உட்கார்ந்து இருபது வருஷம் ஆகிறது. எந்த வீட்டில் யாருக்கு முள் ஆகாது, யாருக்குத் தலை வேண்டும், எந்தப் பாட்டிக்குப் பத்தியம் என்று எல்லாம் மனப்பாடம். இந்தச் சொத்தை எந்த அங்காடிக்கு மாற்றுவது?

பதினொன்றரை. வெயில் குடையைத் துளைக்கிறது. கூட்டம் குறைந்த நேரத்தில் ஏப்ரலைப் பற்றிக் கேட்டேன். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம். அந்த இரண்டு மாதமும் சங்கரா விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஏரி மீன், வெளி மாநில மீன், கருவாடு என்று ஓட்டுகிறார்கள். மீனவ மகளிருக்கு ஒரு சேமிப்புத் திட்டம் உண்டு. ஒன்பது மாதத்தில் 1,500 ரூபாய் கட்டினால் அரசுப் பங்கும் சேர்ந்து 4,500 ஆகத் திரும்ப வரும். சங்கத்தில் உறுப்பினராக இருக்கிற பெரியக்காவுக்கு வருகிறது. மீனவர் குடும்பம் அல்லாத இளையவளுக்கு வராது. தொழில் ஒன்றுதான், அன்னக்கூடை ஒன்றுதான், பிளந்த விரலும் ஒன்றுதான். கணக்கில் அவள் இல்லை.

கடை கட்டுகிற நேரம். விற்காத காணாங்கெளுத்தியை வயிற்றைக் கீறி உப்பில் புரட்டி டப்பாவில் அடுக்கியாயிற்று. மொட்டை மாடியில் இரண்டு நாள் காய்ந்தால் கருவாடு. பெரியக்கா நோட்டுகளை நனைந்தது, நனையாதது என்று பிரிக்கிறார். வெட்டுகிறவருக்கு, டீக்கடைத் தண்ணீருக்கு, ஐஸுக்கு. பைக்கை அணைக்காமலே தண்டல்காரர் கை நீட்டுகிறார். 100 ரூபாய் போய்விட்டது. மிச்சத்தைச் சொன்னார். போட வேண்டாம் என்றும் சொன்னார், “வெளிய தெரிஞ்சா வெலைய இன்னும் கொறைப்பாங்க.” சரி, போடவில்லை.

போன் அடிக்கிறது. ஸ்பீக்கரில் மூக்குத்தி அக்கா, பின்னணியில் இளையவளின் குழந்தை அழுகை, ஆயாவின் இருமல். நாளைக்கு எந்தப் படகு வருகிறது, இறால் எடுக்கலாமா என்று விவாதம் சூடாகிவிட்டது. இறால் ஒரு நாள் தங்காது என்கிறார் ஆயா. தங்காவிட்டால் என்ன, பத்து மணிக்குள் தள்ளிவிடலாம் என்கிறார் மூக்குத்தி அக்கா. பெரியக்கா கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே போனை என் பக்கம் நீட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கத்துகிறார்: “ஏய், மொதல்ல ஆளுக்கு எவ்ளோ துட்டு வெச்சிருக்கீங்க, அதச் சொல்லுங்கடி!”